டாக்டர் பதில்கள்: மாற்று இதயத்தை உடல் ஏற்கிறதா?

கேள்வி: என் கணவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. நன்றாக நடமாடுகிறார், எக்கோவும் நார்மல். பிறகு ஏன் மறுபடி மறுபடி பயாப்சி? ரத்தப் பரிசோதனை போதாதா?
- வாசகி, மதுரை

பதில்: நன்றாக இருக்கும்போதே எடுத்தால்தான் பயாப்சிக்குப் பலன். மாற்று இதயத்தை அந்நியமாகக் கருதி உடலின் எதிர்ப்பு சக்தி தாக்குவதுதான் நிராகரிப்பு. அது தொடங்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. எக்கோவில் பம்பிங் குறைந்து தெரிகிற கட்டத்தில் பாதிப்பு முற்றியிருக்கும். கழுத்துச் சிரை வழியாக நுண்ணிய இடுக்கியை வலது கீழறைக்குள் செலுத்தி, 1-2 மி.மீ. அளவில் நான்கைந்து தசைத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதுதான் பயாப்சி. நிராகரிப்பு திட்டுத் திட்டாக வருவதால் ஒரே துணுக்கை நம்ப முடியாது. ரிப்போர்ட்டில் நிராகரிப்பின் தீவிரத்தைக் காட்டும் நிலை 0ஆர் (இல்லை), 1ஆர் (லேசானது) என்றால் பொதுவாகத் தனி சிகிச்சை தேவைப்படாது. 2ஆர் முதல் வழக்கமாக மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

ரத்தப் பரிசோதனையும் உண்டு. தானம் தந்தவரின் இதயச் செல்கள் சிதையும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அவை மிகக் குறைவாக இருந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடலாம். கூடினால் காரணம் அறிய பயாப்சிதான் வழி. நிராகரிப்பு ஆன்டிபாடியால் (ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) வருகிறதா என்பதற்குத் தனிச் சோதனை இருக்கிறது.

கேள்வி: நிராகரிப்பைத் தடுக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறதே?

பதில்: ரத்தம் கொடுக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். முந்தைய இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டால், மறுநாள் காலை 8 மணிக்கு, அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உண்மையில் மருந்து போதாமல் போய் நிராகரிப்புக்கு இடம் கொடுக்கும். இந்தத் தவறு நடக்கவே கூடாது.

பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், பாக்டீரியாவுக்கான கிளாரித்ரோமைசின், பம்பளிமாஸ் பழம் ஆகியவை ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டும். கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தடாலடியாகக் குறைக்கும். வேறு டாக்டர் எது எழுதினாலும் இதய மாற்று சிகிச்சைக் குழுவிடம் கேட்காமல் போட வேண்டாம்.

கேள்வி: நெஞ்சு வலி வராதவரை கவலையில்லைதானே?

பதில்: இல்லை. அறுவை சிகிச்சையில் இதயத்துக்கான நரம்புகள் துண்டிக்கப்படுவதால், அடைப்பு வந்தாலும் பலருக்கு வலியே தெரியாது. இந்த அடைப்பு ரத்தக்குழாய் நெடுகிலும் சுவர் தடிப்பதால் வருவது. எல்லா இடத்திலும் ஸ்டென்ட் வைக்க முடியாது. முன்பு நிராகரிப்பு வந்தவர்கள், சைட்டோமெகலோ வைரஸ் தொற்று கண்டவர்கள், தானம் தந்தவருக்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் ஆஞ்சியோ. கொலஸ்ட்ரால் சரியாக இருந்தாலும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை.

வீட்டில் தினமும் காலை எடை பாருங்கள். ஒரு வாரத்தில் 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ஓய்வில் நாடித்துடிப்பு 90-100 இருப்பது மாற்று இதயத்துக்கு இயல்புதான்; அதற்குப் பயப்பட வேண்டாம்.