சொல்லிட்டுப் போனதும் கேட்டுட்டுப் போனதும்

வணக்கமுங்க ஐயா,

வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். பன்னெண்டாவது படிக்கறேனுங்க. தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துல சேர்றதுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதோணும்னு ஆசை. மத்ததெல்லாம் ஓரளவுக்கு வந்துருது, லாஜிக்கல் ரீசனிங்ல மட்டும் மாக் டெஸ்ட்ல 24-க்கு 9, 10-ஐத் தாண்ட மாட்டேங்குது. நாலு ஆப்ஷன்ல ரெண்ட ஈசியா தூக்கிடறேன், மிச்ச ரெண்டுல எப்பவும் தப்பானதத்தான் எடுக்கறேன். மாமா குடுத்த பழைய கைடுல ரத்த உறவு, உக்கார்ற வரிசைன்னு எல்லாப் புதிர்க் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன். நாங்க தறி ஓட்டற குடும்பம், தமிழ் மீடியம் வேற, அதனால எனக்கு லாஜிக் வராதுன்னு தோணுதுங்க. எந்த புக்கு வாங்கறது? இல்ல இத விட்டுட்டு மார்க்க வெச்சு கோயமுத்தூர் லா காலேஜுக்கே போயிரட்டுமா?

அம்மிணி,

உன்ற கடுதாசிய மூணு நாளா திறந்து திறந்து படிச்சுட்டு இருந்தேன். போன வாரந்தான் பழைய டிரங்குப் பொட்டியில எங்க அப்பாரோட கோர்ட்டுக் கட்டு ஒண்ணு கையில சிக்குச்சு, சணல் போட்டுக் கட்டி ஓரமெல்லாம் செல்லரிச்சு கெடந்துச்சு, அதையே நெனச்சுட்டு இருக்கறப்பதான் நீ எழுதுன, அதனாலதான் இந்தப் பதிலு.

சின்ன விசயத்தையெல்லாம் முதல்ல முடிச்சர்றேன். புக்கு எதுனாலும் சரி, அத பத்தி இவ்ளோ யோசிக்காத. உங்க மாமா குடுத்த கைடு பழைய காலத்துது, 2020-லருந்தே பரீட்சைல பத்தி பத்தியா குடுத்து அதுல இருந்துதான் கேக்கறாங்க, புதிர் கணக்க சும்மா கை பழக்கத்துக்கு வெச்சுக்க, அதுவே படிப்புன்னு நெனச்சுக்காத. 2020-க்கு அப்புறம் வந்த கேள்வித்தாள தேடி எடுத்துப் போடு. கோயமுத்தூர் காலேஜு, நம்ம அரசு லா காலேஜு எதுக்குமே நுழைவுத் தேர்வு கெடையாது, பன்னெண்டாவது மார்க்குதான், அங்க போறது ஒண்ணும் தோத்துப் போறது இல்ல, ரெண்டுக்கும் அப்ளை பண்ணு. அவ்வளவுதான்.

ஆனா ஒரு வரியப் படிச்சப்போ எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. 'தறி ஓட்டற குடும்பம், தமிழ் மீடியம், அதனால லாஜிக் வராது'. இத அப்படியே கேள்வித்தாள்ல போட்டு இதுல அசம்ப்ஷன் என்னன்னு கேட்டா எத டிக் பண்ணுவ? 'தறிக்காரர் வீட்டுப் புள்ளைக்கும் தமிழ்ல படிச்ச புள்ளைக்கும் யோசிக்க வராது'ங்கறத. நீ அத எழுதல, ஆனா அது இல்லாம உன்ற வரி நிக்காது. யாருமே கேக்காதப்போ நீயே போய் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்திருக்க. பாவுல ஒரு இழை அந்து போச்சுன்னா உங்கப்பா தறிய நிறுத்தி அத்தனை இழைல எது அந்துச்சுன்னு தேடிப் புடிச்சு முடி போடறாரே, அதுக்குப் பேரு என்ன? இனி அந்த மாதிரி எழுதாத, எழுதுனா நான் பதில் போட மாட்டேன்.

அசம்ப்ஷன்னா இவ்ளோதான் கண்ணு, பேசறவன் வாயத் திறந்து சொல்லாம உள்ளுக்குள்ள ஒத்துக்கிட்டது. இன்ஃபரன்ஸ்ங்கறது அவன் சொன்னதுல இருந்து நாம தைரியமா எடுத்துக்கக்கூடியது. ஒண்ணு அவன் வார்த்தைக்கு அடியில கெடக்கும், இன்னொண்ணு அந்த வார்த்தைல இருந்து முளைக்கும். ஈரோட்டு மண்டில மஞ்சள் வெல ஏறிருச்சு, அதனால இந்த வருசம் மஞ்சள் போட்டவனுக்கு லாபம்னு ஒருத்தன் சொல்றான்னு வை. மிச்சம் ரெண்டு ஆப்ஷன், மஞ்சள் போட்டவன் கையில இன்னும் விக்காத சரக்கு இருக்குதுங்கறது ஒண்ணு, எடைல யாவாரிக ஏமாத்தறாங்கங்கறது இன்னொண்ணு. நீ ரெண்டாவதத்தான் எடுப்ப, எனக்குத் தெரியும், ஏன்னா அது உனக்குத் தெரிஞ்ச வலி. ஆனா அவன் பேச்சுக்கு அது வேண்டியதே இல்ல. ஆப்ஷன திருப்பிப் போட்டுப் பாரு, எல்லாரும் வெல ஏறறதுக்கு முன்னாடியே வித்துத் தீத்துட்டாங்கன்னா அவன் சொன்னது சாஞ்சு போயிருமில்ல? எத திருப்பிப் போட்டா பேச்சு சாயுதோ அதுதான் விடை. உனக்குத் தெரிஞ்ச உலகத்த பரீட்சை ஹாலுக்கு வெளிய வெச்சுட்டுப் போ, தாள்ல என்ன எழுதியிருக்கோ அது மட்டுந்தான்.

அந்தக் கடைசி ரெண்டு ஆப்ஷன் பத்திதான் நான் சொல்லோணும்னு நெனச்சது. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசமா இருக்கும், சிலதுன்னு இருக்கும், பெரும்பாலும்னு இருக்கும், மட்டும்னு இருக்கும். நீ அத தாண்டி ஓடிர்ற. நான் எட்டாவது படிக்கறப்போ அந்த மாதிரி ஒரு வார்த்தைல எங்க தடம் போச்சு.

எங்க தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு வர பக்கத்துத் தோட்டத்து ஓரமா ஒரு வண்டித்தடம், ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, 30 வருசத்துக்கு மேல எங்க வண்டி அதுலதான். அந்தத் தோட்டத்துப் பெரியவரு செத்ததும் அவரு பையன் கடவுல முள்ளப் போட்டு அடச்சுட்டாரு. ஓடைய சுத்திட்டுப் போக வேற வழி இருந்துச்சு, அதனால வழியே இல்லீங்கன்னு கேக்க முடியாது, இத்தனை வருசம் போன உரிமைன்னுதான் கேக்க முடியும். முன்சீப் கோர்ட்டுல கேசு. அன்னிக்கு எனக்கு பள்ளிக்கோடம் லீவு, கட்டத் தூக்கிட்டு அப்பாரு கூடப் போயிருந்தேன்.

எதிர் வக்கீல் சத்தமே போடல, அத்தனை மரியாதை. 'பெரியவருக்கும் உங்களுக்கும் பழக்கம் எப்படீங்க?' 'அண்ணந்தம்பியாட்டந்தானுங்க.' 'அப்ப வண்டி விடறப்பெல்லாம் அவர ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் விடுவீங்க?' அப்பாரு நிமுந்து நின்னாரு, துண்ட தோள்ல சரி பண்ணிட்டு, 'கேக்காம போறதுக்கு நாங்க என்ன அப்படிப்பட்ட ஆளுகளாங்க? ஒவ்வொரு பட்டத்துக்கும் கேட்டுட்டுத்தானுங்க வண்டியே கட்டுவோம்'ன்னாரு. அவ்வளவுதானுங்கன்னு எதிர் வக்கீல் உக்காந்துட்டாரு. எங்க வக்கீல் பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சாரு, அந்த மூடி போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. அப்பாருக்கு ஒண்ணும் புரியல, கூண்ட விட்டு சந்தோசமா எறங்கி வந்து எனக்கு பரோட்டா வாங்கிக் குடுத்தாரு.

பின்னால நான் தேடிப் படிச்சேன். 1882-ல போட்ட ஈஸ்மென்ட் சட்டம், அடுத்தவன் நெலத்துல வழி மாதிரி நமக்கு இருக்கற உரிமையப் பத்துனது, அதுல 15-வது பிரிவு. 20 வருசம் சண்டையில்லாம, வெளிப்படையா, இடையில நிக்காம, உரிமையா ஒரு வழில போய் வந்திருந்தா அதுல போற உரிமை உன்னுது. அந்தப் பிரிவுக்குக் கீழயே ஒரு உதாரணம் போட்டிருக்காங்க, 20 வருசம் சண்டையில்லாம, வெளிப்படையா போனத நிரூபிச்சாலும், அந்த 20 வருசத்துல ஒரு தடவ எதிராளிகிட்ட அனுமதி கேட்டிருக்கான்னு தெரிஞ்சா வழக்கு தள்ளுபடி. கேட்டுட்டுப் போனா அது உரிமை இல்ல, அவரு விட்டதுனால போனது.

ஆனா அம்மிணி, எங்க அப்பாரு என்னிக்குமே கேட்டதில்ல. வண்டிமேல நான் உக்காந்து பாத்திருக்கேன், கட்டுத்தறி பக்கம் வர்றப்போ 'மாப்ள, வண்டி போகுது'ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு, பெரியவரு உள்ள இருந்து 'ஆகட்டும்'பாரு. அது சொல்லிட்டுப் போறது. கேட்டுட்டுங்கற வார்த்தை எதிர் வக்கீல் வாயில இருந்து வந்துச்சு, மரியாதையான வார்த்தைன்னு அப்பாரு அத எடுத்துக்கிட்டாரு. ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்ல, சொல்லிட்டுத்தானுங்க போவோம்னு நடந்தத நடந்தபடி சொல்லியிருந்தாலே போதும். முந்தின நாளு எங்க வக்கீல் அவர உக்கார வெச்சு ஒரு அரை மணி நேரம் இந்த ரெண்டு வார்த்தையும் ஒண்ணு இல்லீங்கன்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. இந்த மாதிரி கிழவன் கிழவிக நம்ம பக்கத்துக் கோர்ட்டு வராண்டால எத்தன பேரு உக்காந்திருக்காங்க, உனக்குத் தெரியுமா? அதனாலதான் நீ இதுல அரகொறயா நிக்கறது எனக்குப் பொறுக்கல.

அப்பாரு சாகறவரைக்கும் ஓடைய சுத்தித்தான் வண்டிய ஓட்டுனாரு. கடவுல நட்ட கிளுவைப் போத்து இப்ப மரமாட்டம் நிக்குது.

நீ ஒண்ணு பண்ணு. 120 கேள்விக்கு 120 நிமிசம், தப்புக்கு கால் மார்க்கு போயிரும், அந்த அவசரமெல்லாம் மாக் டெஸ்ட்டோட இருக்கட்டும். தப்பாப் போன கேள்விய மட்டும் பொழுதோட எடுத்து வெச்சு உக்காரு. கடைசி ரெண்டு ஆப்ஷனையும் நோட்டுல எழுது, எந்த வார்த்தைல ரெண்டும் பிரியுதுன்னு வட்டம் போடு, நீ எடுத்தது ஏன் ஆகாதுன்னு தமிழ்லயே ஒரு வரி எழுது. கேள்வி இங்கிலீசுலதான் இருக்கும், இருந்துட்டுப் போகுது, உனக்குப் புரியோணும்னா உன்ற பேச்சுல எழுது. பத்து கேள்விக்கு எழுதி எனக்கு அனுப்பு, தீவாளிக்கு முன்னாடி.