அடியில் கறுப்பு மண்டி இருந்தால் போர்ட் கெட்டுவிட்டதா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் 1985 விண்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்த போர்ச்சுகல் இனிப்பு ஒயின்) பாட்டில் ஒன்று பரிசளித்தார்கள். சனிக்கிழமை மாலை, ஒயின் பிரியர்கள் ஆறு பேர் மூன்று பழைய பாட்டில்களோடு கூடுகிறோம். என் பாட்டிலின் உள்ளே கறுப்பாக மண்டி தெரிகிறது. தொலைபேசியில் வந்த ஒரு தரகர், "கெட்டுப்போயிருக்கும், இருபது பவுண்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். நண்பரின் 1963 பாட்டிலில், கழுத்தில் ஒட்டும் போர்ச்சுகலின் உத்தரவாத முத்திரைச் சீட்டே இல்லை. அது போலியா?

பதில்: தயவுசெய்து பாட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள். விண்டேஜ் போர்ட்டை மரப்பீப்பாயில் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள். பிறகு வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். மிச்ச வயதெல்லாம் பாட்டிலுக்குள்தான். நாற்பது வருடத்தில் நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படியத்தான் செய்யும். மண்டியே இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இது அந்தத் தரகருக்கும் நன்றாகத் தெரியும். இதே பேச்சைப் பல வாசகர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். வாங்கும்போது "கெட்டது" என்பார்கள். அதையே அடுத்தவரிடம் "அரிய முதலீடு" என்று விற்பார்கள். அப்போது சொல்லும் விலை பெரும்பாலும் சுங்கக் கிடங்கு விலை, அதாவது வரி சேராத விலை. வீட்டுக்கு எடுக்கும்போது மதுவரியும் 20 சதவீத வாட் வரியும் தனி. ஒயினை முதலீடாக விற்பவர்களைப் பிரிட்டனின் நிதி ஆணையம் கண்காணிப்பதில்லை. இத்தனை பேர் ஏமாந்த பிறகும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. லேபிளும் அப்படித்தான். நான்கு முதல் ஆறு வருடம் பீப்பாயில் இருந்து வருவது 'லேட் பாட்டில்டு விண்டேஜ்'. முற்றிலும் வேறு சரக்கு. அதிலும் 'விண்டேஜ்' என்ற சொல்லைப் பெரிதாகப் போட அனுமதிக்கிறார்கள்!

நண்பரின் 1963க்கு வருகிறேன். முத்திரை இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் போர்ட் பீப்பாயோடு கப்பலேறி வரும். லண்டனிலும் பிரிஸ்டலிலும் இருந்த வணிகர்கள் இங்கேயே பாட்டிலில் அடைப்பார்கள். அவற்றில் போர்ச்சுகல் சீட்டு இருக்காது. 1970களில்தான் விண்டேஜ் போர்ட்டை அங்கேயே அடைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். லேபிளில் இங்கிலாந்து வணிகர் பெயர் இருக்கிறதா, கார்க்கின் பக்கவாட்டில் போர்ட் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் சுட்டிருக்கிறதா பாருங்கள். லேபிள் உதிர்ந்திருந்தாலும் கார்க் சொல்லிவிடும். சில பாட்டில்களின் வயிற்றில் வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்றல் இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான அடையாளம் அது. அதைத் துடைத்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் 1985க்கு இந்தச் சலுகை இல்லை. அதில் சீட்டு இருந்தே ஆக வேண்டும்.

இனி சனிக்கிழமைக்கு. வியாழனன்றே பாட்டில்களை நிமிர்த்தி வையுங்கள். செக்கு எண்ணெயைத் தெளியவைத்து இறுப்பது போலத்தான். பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். கறுப்புக் கீற்று கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அரைக் கோப்பை வீணாகும், போகட்டும். 1985ஐக் குடிப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே ஊற்றி வைக்கலாம். 1963ஐக் கடைசி ஒரு மணி நேரத்தில் செய்யுங்கள், மணம் சீக்கிரம் போய்விடும். பழைய கார்க் உதிர்ந்து உள்ளே விழுந்தால் பதற வேண்டாம்; கொதிநீரில் அலசிய மஸ்லின் துணியில் வடித்தால் போதும்.