போகிக்கு பாய் கொளுத்தலாமா?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் யீஷூன்ல அடுக்குமாடி புளோக் வீட்டுல இருக்கோம். போகிக்கு பழைய பாய், கிழிஞ்ச துணியெல்லாம் கீழ புல்வெளில கொளுத்தலாமான்னு மாமியார் கேக்குறாங்க, பர்மிட் எடுக்கணுமா?

பதில்: எடுக்கறதுக்கு பர்மிட்டே கிடையாதும்மா, சிங்கப்பூர்ல குப்பைய வெட்டவெளில எரிக்கிறதே தடை. சீன நாட்காட்டில ஏழாம் மாசம் சீனவங்க முன்னோருக்குன்னு காகிதம் எரிக்கிறாங்களேன்னு அத்தை கேப்பாங்க, அது சாமி காரியம், அதுக்குன்னு நம்ம பேட்டைய பராமரிக்கிற டவுன் கவுன்சில் வெச்சிருக்குற பீப்பாயிலதான் போடணும், கிழிஞ்ச பாய அதுல திணிக்க முடியாது. பாய சுருட்டிக் கட்டிட்டு டவுன் கவுன்சிலுக்கு ஒரு போன் போடுங்க, பெரிய சாமான்லாம் ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்க. எங்கம்மா பழந்துணில விரல் நீளம் ஒரு நூல உருவி, சாமி விளக்குல காட்டி, டக்குன்னு சிங்க்ல போட்டு தண்ணி தொறந்துவிடுவாங்க, அவ்ளோதான் எங்க வீட்டு போகி!

பிள்ளைங்க நெருப்பு பாக்கணும்னு அடம் புடிச்சா ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல பார்பிக்யூ பிட் புக் பண்ணுங்க, அதுக்குத்தான் பர்மிட் வேணும், ஆனா அங்கயும் கோழிதான் சுடணும், பாய் இல்ல. பட்டாச மட்டும் நெனைக்காதீங்க, 1972லயே தடை பண்ணிட்டாங்க.