ஆன்லைன் கேம்களில் ஏன் சிலர் ஹேக் (ஏமாற்ற உதவும் மென்பொருள்) போட்டு விளையாடுகிறார்கள்? அப்படி ஜெயிப்பதில் என்ன சந்தோஷம்?

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமைப் பல வருடங்களாக ஆடி வருகிறேன். என்னோடு ஆடியவர்களில் சிலர் ஹேக் போட்டு மாட்டி, ஐடியைப் பறிகொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆடத் தெரியாதவர் இல்லை. அதனால், திறமை இல்லாதவன்தான் ஹேக் போடுவான் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்தவரை, ஆட்களை அந்தப் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் ஒரே நம்பிக்கைதான்: "எல்லாரும்தான் போடுறாங்க."

எங்கள் அணியில் ஒருவன் இருந்தான். நன்றாக ஆடுவான். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த சமயத்தில், செத்த ஒவ்வொரு ரவுண்டையும் ரீப்ளேவில் போட்டுப் பார்ப்பான். "இங்க பாரு மச்சி, நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே அவன் துப்பாக்கியோட எய்ம் என் தலைக்கு நேரா வந்துடுச்சு. வால்ஹேக்கேதான்" என்பான். வால்ஹேக் என்றால் சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டிவிடும் ஹேக். ஆனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அந்த கேமில் ஓடினால் காலடிச் சத்தம் எதிராளிக்குக் கேட்கும். ஷிஃப்ட்டை அழுத்தி நடந்தால் கேட்காது. இவன் மூலை வரைக்கும் ஓடியே வந்திருந்தான். எதிராளி சத்தத்தைக் கேட்டுக் குறிபார்த்துக் காத்திருந்தான், அவ்வளவுதான். எடுத்துச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அவன் ஆட்டமே மாறிப்போனது. சந்தேகப்பட்டு ரீப்ளேவை அவன் பார்வையில் ஓடவிட்டேன். சுவருக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் நடந்துபோகிற எதிராளியின் கூடவே இவன் எய்மும் நகர்கிறது. திடீரென்று காரணமே இல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று. நேரடியாகவே கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை. "எல்லாரும் போடுறப்ப நான் மட்டும் ஏமாளியா இருக்கணுமா?" என்றான். தான் ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. சரிக்குச் சரி நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனோடு நான் சேர்ந்து ஆடவில்லை.

இதை என் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. ஜெரமி பிளாக்பர்னும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கணினி கேம்களை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் தளத்தின் 1.2 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஏமாற்றி மாட்டிய கணக்குகள். நட்பு வட்டத்தைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒதுங்கிக் கிடக்கிற விசித்திரப் பிறவிகள் இல்லை அவர்கள், நம் நண்பர் பட்டியலிலேயே இருக்கிறவர்கள். ஒருவருக்கு ஹேக் போடும் நண்பர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, பின்னாளில் அவரும் போடுவதற்கான வாய்ப்பும் அதற்கேற்ப இருந்தது. தொற்றுநோய் பரவுவதைப் போலத்தான்.

இன்னொரு விஷயமும் அதில் உண்டு. மாட்டியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நண்பர்களை இழந்தார்கள், தங்கள் ஸ்டீம் பக்கத்தைப் பிறர் பார்க்க முடியாதபடி மறைத்தும் கொண்டார்கள். ஆக, வெட்கம் இருக்கிறது. மாட்டிய பிறகு வருகிறது.

காசுக்காகச் செய்கிறவர்கள் தனி ரகம். அடுத்தவர் கணக்கில் புகுந்து ரேங்க் ஏற்றிக் கொடுப்பது, ஏற்றிய கணக்கை விற்பது, ஹேக்கையே மாதச் சந்தாவுக்கு விற்பது எல்லாம் அவர்களுக்குத் தொழில். தென் கொரியாவில் ஹேக் தயாரித்து விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆட்டத்தைக் கெடுத்து அடுத்தவன் கத்துவதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பேசியவர்கள் சொன்னது, முதல் சில நாள்தான் அது. அப்புறம் மாட்டாமல் ஆடுவதே வேலையாகிவிடுகிறது. இருந்தும் விட முடிவதில்லை. ஏனென்றால் ஹேக்கில் ஏறிய ரேங்க்கில் ஹேக் இல்லாமல் நிற்க முடியாது. கூடப் பேசுகிற நண்பர்களுக்கு அந்த ரேங்க்தான் அவன். இறங்கினால் ஏன் இறங்கினாய் என்று கேட்பார்கள்.

மேடை ஏறிய பிறகும் இந்தப் பயம் விடுவதில்லை என்றுதான் தோன்றுகிறது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவர் ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். 'வேர்ட்.எக்ஸ்இ' என்று சாதுவான பெயர் வைத்த ஃபைலில் எய்ம் உதவி ஹேக் இருந்தது. சோதிக்க வந்தவர்கள் முன்னாலேயே அதை அழிக்கப் பார்த்திருக்கிறார். அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, கொஞ்ச நாளில் கலைக்கவும் பட்டது. நேர்மையாக ஆடிய மற்ற நான்கு பேரின் உழைப்பும் அதோடு போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதையெல்லாம் தொழில்நுட்பத்தால் முழுக்கத் தடுத்துவிட முடியாது. எதிராளி மூலை திரும்பிய நொடியில் அவனைத் திரையில் காட்ட வேண்டும் என்றால், அவன் எங்கே நிற்கிறான் என்ற தகவல் அதற்குக் கொஞ்சம் முன்பே நம் கணினிக்கு வந்திருக்க வேண்டும். வந்துவிட்ட தகவலைத்தான் வால்ஹேக் எடுத்துக் காட்டுகிறது. எவ்வளவு தாமதமாக அனுப்பலாம் என்பதில்தான் நிறுவனங்கள் மல்லுக்கட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த நடவடிக்கை 2023 பிப்ரவரியில் கவுண்டர் ஸ்ட்ரைக்கைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் தன் இன்னொரு கேமான டோட்டா 2-இல் செய்தது. சாதாரணமாக ஆடும்போது கேம் ஒருபோதும் படிக்காத தகவல் பகுதி ஒன்றை ஒரு அப்டேட்டில் சேர்த்து வைத்தார்கள். ஹேக்குகள் மட்டுமே அதைப் போய்ப் படிக்கும். படித்த 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை நிரந்தரமாகத் தடை செய்தார்கள். அதைவிட முக்கியம், எப்படிப் பிடித்தோம் என்று ஊரறியச் சொன்னார்கள். ஹேக் போட்டால் மாட்டுவோம் என்று தெரிந்தால்தான் "எல்லாரும் போடுறாங்க" என்ற நம்பிக்கை ஆட்டம் காணும்.

சில கேம்களில் நாம் ரிப்போர்ட் செய்தவர் தடை செய்யப்பட்டால் நமக்கு ஓர் அறிவிப்பு வரும். எல்லா கேம்களிலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. ரிப்போர்ட் அடித்து அடித்து எந்தப் பதிலும் வராமல் சலித்துப்போகிறவன்தான் அடுத்ததாக ஹேக் விற்கிற இடத்தைத் தேடிப் போகிறான்.