கீமோ எடுக்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சியா? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகனுக்கு ஏழு வயது, ரத்தப்புற்றுநோய். ஸ்டீராய்டு தொடங்கியதும் கன்னம் உப்பி எடை கூடிவிட்டது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழமாட்டேன் என்கிறான். சோம்பலா?

சோம்பல் இல்லைம்மா. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தசையில் உள்ள புரதத்தைக் கரைக்கும். முதல் அடி தொடைக்கும் இடுப்புக்கும்தான். அதே மருந்து பசியைக் கிளப்பிவிட்டுக் கொழுப்பையும் நீரையும் சேர்த்துவிடுவதால் எடை மெஷினை நம்ப முடியாது. நான் பார்ப்பது வேறு: தொடையில் கை ஊன்றி எழுகிறானா? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்கிறானா?

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல பயிற்சி. முதலில் உயரமான நாற்காலி, பழகியதும் தாழ்வானது. ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. பந்தை எடுத்துக் கொடுப்பதுபோல விளையாட்டாகச் செய்ய வையுங்கள்; 'எக்சர்சைஸ்' என்றாலே ஓடிவிடுவார்கள். தினமும் கொஞ்சம் போதும். ஸ்டீராய்டு நின்ற பிறகு பலம் மெதுவாகத்தான் திரும்பும்.

மகள் நடக்கும்போது பாதம் தரையில் தட்டுகிறது. செருப்பு கழன்று விழுகிறது.

வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போகிறதா? அது நரம்பைப் பாதிக்கும். குதிகாலில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வோரிகொனசோல், இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து கூடவே இருந்தால் பாதிப்பு கூடும் என்பதால் எல்லா மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், தேவைப்பட்டால் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டும் தருவோம். விட்டுவிட்டால் குதிகால் தசைநார் இறுகிவிடும்.

பிளேட்லெட் (ரத்தக்கசிவைத் தடுக்கும் அணுக்கள்) குறைவு. படுத்தே இருக்கட்டும் என்கிறார் மாமியார்.

அவர் பயம் புரிகிறது. ஆனால் படுக்கையில் சில நாள் கிடந்தாலே தசை கரையத் தொடங்கும். பல மருத்துவமனைகளில் பிளேட்லெட் 20,000-க்குக் கீழே போனால் எடை தூக்குவது, குதிப்பது வேண்டாம், மெல்ல நடக்கலாம் என்பார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் பயிற்சிப் பேச்சே வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு.

புரோட்டீன் பவுடர்?

டாக்டர் சொன்னால் மட்டும். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, மீன் முதலில். சாப்பாடு மட்டும் தசை கட்டாது, அசையவும் வேண்டும்.

அண்ணா, எனக்கு 16. ரத்தப்புற்றுநோய் சிகிச்சை முடிந்தது. ஃபுட்பால் ஆடினால் தொடை இடுக்கில் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு ஆடலாமா?

வேண்டாம் தம்பி. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்தம் போகாமல் இடுப்பு மூட்டு கெடும் ஆபத்து அதிகம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ பற்றி டாக்டரிடம் கேள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டிருந்தால் எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்த்திருக்க வேண்டும். அதுவரை ஓட்டமும் குதியும் வேண்டாம். எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் எழுது, எப்போது பந்தைத் தொடலாம் என்று பேசுவோம்.