கல்விக் கொள்கை எழுதினால் மேற்கோளாகவே வருகிறதா?

மேற்கோள்களை எடுத்துவிட்டு, உங்கள் வகுப்பில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தில் தொடங்குங்கள். ஆசிரியர் வேலை நேர்முகத்துக்கு, 'உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன' என்று கேட்ட ஒரு பக்கம் முழுக்க காந்தி, தாகூர் என்றே நிரம்பிவிடுகிறது என்கிறீர்கள். பி.எட். தேர்வுக்கு மனப்பாடம் செய்த பழக்கம்தான் காரணமாக இருக்கும்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதிய பையனுக்கு நான் சிவப்பு மையில் சுழிக்கவில்லை. தோசை வரைந்து பார்க்கச் சொன்னேன். "மிஸ், இது அரையைவிடக் குறையுதே!" என்று அவனே நிமிர்ந்தான். தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்க நேரம் கொடுப்பது, அதுதான் என் கொள்கை. அப்படியே எழுதினேன்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் அதில் கையெழுத்துப் போடலாம் என்றால் அடித்துவிடுங்கள்.

அப்புறம், 'பிள்ளைகளை அடிக்க மாட்டேன்' என்பதைக் கொள்கையாக எழுத வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே அடிப்பதைத் தடுக்கிறது.