பெண் எலியின் இதயத்தில் திசு குறைவாகச் சாவது ஏன்?

ரத்த ஓட்டத்தை நிறுத்தி மீண்டும் விட்டால் ஆண் எலியின் இதயம்தான் அதிகம் சேதமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான சோதனைகளில் ஆம்.

வழக்கமாக இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது முன் இறங்கு தமனியை 30 நிமிடம் நூலால் இறுக்கி, பிறகு 2 மணி நேரம் தளர்த்துவார்கள். இதயத்தை வில்லைகளாக நறுக்கி 1 சதவீத டிடிசி என்ற சாயக் கரைசலில் 37 டிகிரியில் வைத்தால் உயிருள்ள தசை செங்கல் நிறமாகும். செத்தது வெளிறியே நிற்கும். இளம் பெண் எலியில் அந்த வெளிறிய திட்டு சிறியது. சூலகத்தை எடுத்தால் இந்தப் பாதுகாப்பு குறையும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகையான எஸ்ட்ராடியாலைக் கொடுத்தால் திரும்பும்.

ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பெருகி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள துளை திறந்துகொள்கிறது. செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஈஸ்ட்ரோஜன் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டி, அந்தத் துளை எளிதில் திறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பலர் சறுக்குவது அளவீட்டில். செத்த பகுதியை முழு இதயத்தோடு ஒப்பிடாதீர்கள். ரத்தம் நின்ற பகுதியோடு ஒப்பிடுங்கள். நறுக்கும் முன் நூலை மறுபடி இறுக்கி எவான்ஸ் நீலம் என்ற சாயத்தை ரத்தத்தில் ஏற்றினால், நீலம் ஏறாத இடமே அது. உடல் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினாலே சேதம் குறையும். ஆண், பெண் எலிகள் இரண்டுக்கும் அந்த வெப்பம் ஒன்றாக இருக்கட்டும். பெண் எலியின் 4–5 நாள் சினைச் சுழற்சியில் சோதனையன்று எந்தக் கட்டம் என்பதையும் குறித்து வையுங்கள்.